மின் நிறுவனங்களைக் காலநிலை மாற்றத்துக்குத் திட்டமிட வைக்க எந்தக் கட்டாயம் பலன் தரும்? ஓர் ஒப்பீடு

இன்று கட்டப்படும் ஒரு துணைமின் நிலையம் 40, 50 ஆண்டுகள் நிற்கும். அதில் ஏற்றிவைக்கும் டிரான்ஸ்பார்மர் 2060ஐத் தாண்டியும் ஓடக்கூடும். ஆனால் அதை எந்த உயரத்தில் வைப்பது, எவ்வளவு வெப்பத்துக்குக் கணக்கிடுவது, எவ்வளவு காற்றுக்குக் கம்பம் நடுவது என்பதையெல்லாம் பெரும்பாலும் கடந்த காலத்தின் வானிலைப் பதிவுகளே தீர்மானிக்கின்றன. பதிவேட்டில் இருக்கும் வானிலை இனி வராது என்று தெரிந்த பிறகும் அதே எண்களில் கட்டிக்கொண்டிருப்பதற்கான செலவை மின்கட்டணம் கட்டுபவர்கள் இரண்டு முறை சுமக்கிறார்கள்: கட்டும்போது ஒருமுறை, வெள்ளத்தில் போனதை மாற்றும்போது மறுமுறை.

ஆகவே மின் நிறுவனங்களைத் திட்டமிட வைக்க வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எப்படிக் கட்டாயப்படுத்துவது என்பதில்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. உலகில் இதுவரை பயன்பட்ட வழிகளைப் பார்த்தால் ஆறு வகை தெரிகிறது. நிறுவனத்தை அறிக்கை தரச் சொல்வது. அதன் கட்டண உயர்வு மனுவை விசாரிக்கும்போது நிபந்தனை போடுவது. ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக உத்தரவிடுவது. சட்டமன்றம் சட்டம் இயற்றுவது. பொறியியல் தரத்தை நேரடியாக நிர்ணயிப்பது. கடைசியாக, வழியைப் பற்றி எதுவும் சொல்லாமல் மின்தடை நிமிடங்களை வைத்துத் தண்டனையோ ஊக்கத்தொகையோ தருவது. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஆனால் எதை அடித்தளமாக வைப்பது என்பதற்கு எங்களிடம் தெளிவான பதில் உண்டு.

முதலில், திட்டம் எதைப் பிடிக்க வேண்டும்

எந்தக் கட்டாயமும் கம்பியிலும் காங்கிரீட்டிலும் போய் முடிய வேண்டும். அதனால் வழிகளை எடைபோடும் முன் எது எப்படிக் கெடுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

வெப்பத்தில் தொடங்கலாம். அமெரிக்கத் தரப்படி, டிரான்ஸ்பார்மரின் பெயர்ப்பலகைத் திறன் 24 மணிநேரச் சராசரி வெளிவெப்பம் 30 டிகிரி செல்சியஸ் என்ற அடிப்படையில் எழுதப்படுகிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் தானாகக் குளிரும் வகையின் திறனில் சுமார் 1.5 சதவீதமும், விசிறி வைத்துக் குளிர்விக்கும் வகையில் சுமார் 1 சதவீதமும் குறைத்துக்கொள்ள வேண்டும். 40 எம்விஏ (டிரான்ஸ்பார்மரின் திறனை அளக்கும் அலகு) டிரான்ஸ்பார்மர் ஒன்று 34 டிகிரிச் சராசரியில் ஓடினால் 1.6 முதல் 2.4 எம்விஏ வரை காணாமல் போகிறது, அதுவும் ஏசி சுமை உச்சத்தில் இருக்கும் அதே மணிநேரத்தில். குறைக்காமல் ஓட்டினால் சுருளின் மிகச் சூடான புள்ளி ஏறும். அங்கே ஆறேழு டிகிரி கூடினாலே காகித இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகிவிடும். இந்தச் சேதம் அன்றைக்குத் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து, ஒரு சாதாரண ஷார்ட் சர்க்யூட்டின்போது டிரான்ஸ்பார்மர் போய்விடும். காரணப் பட்டியலில் வெப்ப அலை இடம்பெறாது.

இதனால் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 1.5 டிகிரி உயரும் என்று எழுதிய திட்டம் பொறியாளருக்கு உதவாது. அவருக்குத் தேவை, தொடர்ந்து மூன்று நாள் வெயிலும், நடுவில் குளிராத இரவுகளும் எவ்வளவு அடிக்கடி வரும் என்ற எண். நியூயார்க் நகரின் கான் எடிசன் நிறுவனம் சுமையைக் கணிக்க வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்த ஓர் அளவைப் பயன்படுத்துகிறது. அன்றைய நாளுக்கு 70, முந்தைய நாளுக்கு 20, அதற்கு முந்தைய நாளுக்கு 10 சதவீத எடை. வடிவமைப்பு அளவு 86 டிகிரி பாரன்ஹீட். காலநிலைத் திட்டம் உண்மையானதா என்று தெரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: இப்படிப்பட்ட வடிவமைப்பு எண்ணை அது தொட்டதா, இல்லையா?

அடுத்து தண்ணீர். துணைமின் நிலையத்தில் வெள்ளம் புகுந்தால் முதலில் கெடுவது டிரான்ஸ்பார்மர் தொட்டி அல்ல. தாழ்வாக இருக்கும் கண்ட்ரோல் பெட்டிகள், பழுதை உணரும் ரிலே, கம்பிகள் இணையும் டெர்மினல் வரிசை, பேட்டரி அறை ஆகியவைதான் முதலில் போகின்றன. பேட்டரி போனால் பிரேக்கரைத் திறக்கும் நேர்மின்சாரம் இல்லை. பழுதைத் துண்டிக்க வழி இல்லாமல் மேல்நிலைக் கருவிகளும் சேர்ந்து எரியும். உப்புநீர் என்றால் வடிந்த பிறகும் விடாது. ஒவ்வொரு டெர்மினலையும் நன்னீரால் கழுவி, உலர்த்தி, இன்சுலேஷன் சோதித்த பிறகே மின்னூட்ட முடியும். டிரான்ஸ்பார்மரை மேடையில் ஏற்றிவிட்டுக் கண்ட்ரோல் அறையைத் தரையிலேயே விட்ட நிலையத்தை வெள்ளப் பாதுகாப்பு முடிந்த நிலையம் என்று கணக்கில் காட்ட விடக் கூடாது.

காற்றைப் பற்றி ஒன்றே ஒன்று. அமெரிக்கத் தேசிய மின் பாதுகாப்பு விதித்தொகுப்பு, தரைக்கு மேல் 60 அடிக்கு உட்பட்ட கம்பங்களுக்கு அதிதீவிரக் காற்றுச் சுமை விதியிலிருந்து விலக்கு தருகிறது. தெருக்களில் நிற்கும் விநியோகக் கம்பங்கள் பெரும்பாலும் 35 முதல் 45 அடிதான். விதியைப் பிசகாமல் பின்பற்றிய நிறுவனத்தின் கம்பங்களும் புயலில் வரிசையாகச் சாய்வதற்கு இது ஒரு காரணம். கம்பத்தை மட்டும் தடிமனாக்கியும் பயனில்லை, விழுவது பெரும்பாலும் மரம்.

அறிக்கை கேட்பது

மிகவும் எளிய வழி இதுதான். பிரிட்டன் 2008ஆம் ஆண்டின் காலநிலை மாற்றச் சட்டத்தில், உள்கட்டமைப்பு நிறுவனங்களிடம் தகவமைப்பு அறிக்கை, அதாவது மாறும் காலநிலைக்கு எப்படித் தயாராகிறோம் என்ற அறிக்கை, கேட்கும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தது. முதல் சுற்றில் கட்டாயமாகக் கேட்டார்கள். அடுத்த சுற்றில் விருப்பப்பட்டால் தரலாம் என்றாக்கினார்கள்.

அறிக்கைக்கு ஒரு பலன் உண்டு: நிறுவனத்துக்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து சொத்துப் பட்டியலையும் வெள்ள வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தாக வேண்டும். அதோடு சரி. இந்த நிலையத்தைத் தூக்கு, அதற்கு இவ்வளவு செலவை அனுமதிக்கிறேன் என்று சொல்ல எதிரில் யாரும் இல்லை. பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், 2023 முதல் 2028 வரையிலான விலைக்கட்டுப்பாட்டுக் காலத்துக்கான வணிகத் திட்டங்களோடு காலநிலைத் தாங்குதிறன் உத்தியையும் விநியோக நிறுவனங்களிடம் கேட்டது. அதற்குப் பிறகே இந்த விஷயம் பணத்தோடு இணைந்தது.

பரிந்துரை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸ் கொடுத்த விலை பெரியது. 2011 பிப்ரவரி உறைபனியில் மின்நிலையங்கள் நின்றபோது, அமெரிக்கக் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமும் வட அமெரிக்க மின் நம்பகத்தன்மை அமைப்பும் சேர்ந்து ஆய்வு செய்து, குளிர்காப்பு வேலைகளைப் பட்டியலிட்டன. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 2021 பிப்ரவரியில் அதே வகைக் கருவிகள் மீண்டும் உறைந்தன. டெக்சாஸின் மின்தொகுப்பை இயக்கும் எர்காட் அமைப்பு ஒரு கட்டத்தில் 20,000 மெகாவாட் சுமையைத் துண்டித்தது. மாநில சுகாதாரத் துறையின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பே கையில் இருந்த பட்டியல் அது. அறிக்கையோடு நிறுத்தும் வழியை நாங்கள் பரிந்துரைக்காததற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

கட்டண மனுவில் நிபந்தனை போடுவது

இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். பாதுகாப்பான, போதுமான சேவை தர வேண்டிய கடமை மின் நிறுவனத்துக்கு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. முன்கூட்டியே தெரிந்த ஆபத்துக்குத் தயாராகாமல் செய்த செலவை, விவேகமற்ற செலவு என்று தள்ளும் அதிகாரம் ஆணையத்துக்கும் இருக்கிறது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு வாதாடினால் போதும்.

நியூயார்க்கில் நடந்தது இதற்கு நல்ல முன்மாதிரி. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயலில், மன்ஹாட்டனின் தென்முனையில் கடல் ஏறக்குறைய 14 அடி உயர்ந்தது. கிழக்கு 13ஆம் தெருத் துணைமின் நிலையம் 12.5 அடிக்குத்தான் தயாராக இருந்தது. அந்த ஒன்றரை அடி வித்தியாசத்தில் நிலையம் வெடித்து அணைந்து, கீழ் மன்ஹாட்டனின் பெரும்பகுதி சுமார் நான்கு நாட்கள் இருளில் கிடந்தது. அந்த டிசம்பரிலேயே கொலம்பியா சட்டப் பள்ளியின் காலநிலைச் சட்ட மையம், மின் நிறுவனங்கள் காலநிலை மாற்றத்துக்குத் திட்டமிட வேண்டும் என்று மாநிலப் பொதுச்சேவை ஆணையத்தில் மனு போட்டது. 2013இல் கான் எடிசன் சுமார் 100 கோடி டாலர் புயல்காப்புச் செலவோடு கட்டண உயர்வு கேட்டு வந்தது. நிறுவனம், ஆணைய ஊழியர்கள், நகர நிர்வாகம், சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். 2014 பிப்ரவரி உத்தரவில் முடிவானது.

அதிலிருந்து வந்த இரண்டு விளைவுகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வெள்ளத் தரம். கூட்டாட்சிப் பேரிடர் முகமையின் நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு மேல் மூன்று அடி என்று ஓர் எண் பிறந்தது. கட்டுமானக் குழு மறுநாளே கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய எண். இன்னொன்று, காலநிலைப் பாதிப்பாய்வு. கொலம்பியாவின் லாமண்ட்-டோஹெர்டி ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் பங்கெடுத்த அந்த ஆய்வு 2019 டிசம்பரில் வெளிவந்து, 2050க்குள் 180 கோடி முதல் 520 கோடி டாலர் வரை தேவைப்படலாம் என்று கணக்குக் காட்டியது. செயலாக்கத் திட்டம் 2020 இறுதியில்.

ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். உத்தரவுக்கும் ஆய்வுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். அதுவும் ஒரே ஒரு நிறுவனத்துக்கு. அதே மாநிலத்தின் மற்ற நிறுவனங்கள் அடுத்தடுத்த கட்டண மனுக்களுக்காகக் காத்திருந்தன. கட்டண வழக்கின் குறை இதுதான்: யாருக்கு மனு வருகிறதோ அவருக்கு மட்டும், எப்போது வருகிறதோ அப்போது மட்டும். மேசையில் உட்கார வக்கீலும் பொறியாளரும் வைத்திருக்கும் அமைப்புகள் இல்லாத ஊர்களில் அந்த நிபந்தனையைக் கேட்கவும் ஆள் இருக்காது. ஒப்பந்தமாக முடியும் வழக்கில், கட்டணத்தை இரண்டு காசு குறைத்தால் இந்த நிபந்தனையை விட்டுவிடுகிறோம் என்ற பேரமும் நடக்கலாம்.

இருந்தாலும் இந்த வழியை மட்டமாக நினைக்க வேண்டாம். சட்டம் வரும்வரை கையில் இருக்கும் கருவி இது. சட்டம் வந்த பிறகு அதில் எழுதத் தேவையான அனுபவத்தைத் தருவதும் இதுவே.

ஆணையத்தின் பொது உத்தரவு

கட்டண வழக்கின் குறையை நிரப்ப, ஆணையமே எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே நேரத்தில் உத்தரவிடலாம். கலிபோர்னியா 2020இல் அப்படிச் செய்தது. தனியார் முதலீட்டு மின் நிறுவனங்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதிப்பாய்வு தர வேண்டும், அடுத்த 20 முதல் 30 ஆண்டுக் காலத்தை முக்கியமாகப் பார்க்க வேண்டும், திட்டமிடலுக்கு ஆர்சிபி 8.5 என்ற அதிக உமிழ்வுப் பாதையைப் பயன்படுத்த வேண்டும் என்று அந்த உத்தரவு சொன்னது. கடைசி விதி முக்கியமானது. எந்தக் காலநிலைக் கணிப்பு என்பதை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டால், ஒவ்வொன்றும் தனக்குச் செலவு குறைந்த கணிப்பைத் தேடிப் பிடிக்கும். பிறகு இரண்டு நிறுவனங்களின் திட்டங்களை ஒப்பிடவே முடியாது.

ஆணையத்தின் உத்தரவு வேகமாக வரும். தேவைப்பட்டால் அடுத்த ஆண்டே திருத்தலாம். ஆனால் உறுப்பினர்கள் மாறினால் அதே வேகத்தில் கைவிடவும் படலாம்.

சட்டம்: ஒரே கருவி, இரண்டு விதமான எழுத்து

நியூயார்க் 2022 பிப்ரவரியில் சட்டத்துக்கு வந்தது. காலநிலைப் பாதிப்பாய்வை 2023 செப்டம்பருக்குள் தர வேண்டும், அதிலிருந்து பிறக்கும் தாங்குதிறன் திட்டத்தை நவம்பருக்குள் தர வேண்டும். திட்டம் 10 ஆண்டையும் 20 ஆண்டையும் பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். செலவை வசூலிக்கத் தனி வழி உண்டு. ஒரு நிறுவனத்துக்கு ஆறு ஆண்டு எடுத்த வேலையை எல்லா நிறுவனங்களும் இரண்டு ஆண்டுக்குள் முடித்தாக வேண்டிய நிலை வந்தது. சட்டத்தின் பலம் கெடுவில் இருக்கிறது.

புளோரிடாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டமும் மேலோட்டமாக இதே மாதிரிதான்: 10 ஆண்டுப் புயல்காப்புத் திட்டம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு, ஆணையம் 180 நாளுக்குள் முடிவு, செலவுக்கு ஆண்டுதோறும் தனி வசூல். அதற்கு முன்பே, 2004, 2005 புயல்களுக்குப் பின், அந்த மாநில ஆணையம் மரக்கம்பங்களை எட்டு ஆண்டுச் சுழற்சியில் பரிசோதிக்கவும், மரக்கிளை வெட்டுவதை ஒழுங்குபடுத்தவும் 2006இல் உத்தரவிட்டிருந்தது. கம்பப் பரிசோதனை என்றால் நடந்துகொண்டே பார்த்துவிட்டுப் போவது அல்ல. சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பது, தரைமட்டத்தில் மண்ணைத் தோண்டி அழுகல் பார்ப்பது, துளையிட்டு உட்புறத்தைச் சோதிப்பது. மிஞ்சிய வலிமை தேவையானதில் மூன்றில் இரண்டுக்குக் கீழே போனால் கம்பத்தை மாற்ற வேண்டும் அல்லது வலுப்படுத்த வேண்டும். புயலை நன்றாக அறிந்த மாநிலம் அது, வேலையும் நடக்கிறது.

வித்தியாசம் எங்கே என்றால், புளோரிடா சட்டம் அதிதீவிர வானிலையைத் தாங்குவதைப் பேசுகிறது, நியூயார்க் சட்டம் காலநிலை மாற்றத்தின் பாதிப்பை முதலில் ஆராயச் சொல்கிறது. முதலாவது, நேற்று அடித்த புயலுக்கு எதிராகக் கட்டுவதோடு திருப்தி அடையலாம். கடல் மட்டம் உயர்வதையும், வெப்பத்தில் டிரான்ஸ்பார்மர் திறன் இறங்குவதையும் கேட்காமலே திட்டம் நிறைவேறிவிடும். இரண்டாவது, புயல் அல்லாத ஆபத்துகளையும் பட்டியலுக்குள் இழுக்கிறது. ஆகவே சட்டம் வேண்டுமா என்று கேட்டு நிறுத்தாமல், சட்டத்தில் முதல் வேலையாக எது எழுதப்பட்டிருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

டெக்சாஸ் 2023இல் விநியோக நிறுவனங்களுக்கான தாங்குதிறன் திட்டச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, நிறுவனம் திட்டம் தரலாம் என்றே எழுதியது. தரலாம் என்பதற்கும் தர வேண்டும் என்பதற்கும் நடுவே இருக்கும் தூரம் மிகப் பெரியது. லாபம் வரும் திட்டங்கள் வரும், மற்றவை வராது.

சட்டத்துக்கு இன்னொரு ஆபத்து உண்டு. தனி வசூல் வழி கிடைத்ததும் நிறுவனம் மூலதனச் செலவை நோக்கிச் சாய்கிறது. ஒழுங்குமுறைக் கணக்கில், தரைக்கடியில் கேபிள் போடச் செலவழித்த தொகை சொத்தாகி, பல பத்தாண்டுகளுக்கு லாப விகிதம் ஈட்டும். அதே தொகைக்கு மரம் வெட்டினால் செலவு மட்டும் திரும்பி வரும், லாபம் இல்லை. அதனால் ஒரு தெருவின் மின்தடையைக் கிளை வெட்டியும் தானியங்கிச் சுவிட்ச் வைத்தும் குறைக்க முடியும் என்றாலும், திட்டத்தில் கேபிள்தான் எழுதப்படும். அது வெள்ளப் பகுதி என்றால் நிலைமை இன்னும் மோசம்: காற்றிலிருந்து தப்பிய கேபிளின் இணைப்புகளில் தண்ணீர் இறங்கும், பழுதைக் கண்டுபிடிக்கவே நேரம் பிடிக்கும்.

தரத்தை நேரடியாக நிர்ணயிப்பது

இவ்வளவு உயரம், இவ்வளவு காற்று, இவ்வளவு குளிர் என்று எண்ணைக் கொடுத்துவிட்டால் வாதத்துக்கு இடமில்லை, பரிசோதிப்பதும் சுலபம். 2021க்குப் பிறகு டெக்சாஸ் இப்படித்தான் மின்நிலையங்களுக்குக் குளிர்காப்பைக் கட்டாயமாக்கியது. மீறினால் நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதம். பரிந்துரையால் பத்து ஆண்டுகளில் நடக்காதது நடக்கத் தொடங்கியது.

ஆனால் எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் 2007 ஜூலை வெள்ளத்தின்போது, குளோஸ்டர்ஷயரின் வால்ஹம் துணைமின் நிலையத்தை ராணுவம் தற்காலிகத் தடுப்பு கட்டிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதன் பிறகு தொழில்துறை இடிஆர் 138 என்ற வழிகாட்டியை உருவாக்கியது. முக்கியமான பெரிய நிலையங்களுக்கு ஆயிரம் ஆண்டில் ஒருமுறை வரும் வெள்ளம், சிறியவற்றுக்கு நூறு ஆண்டில் ஒருமுறை வரும் வெள்ளம் என்று அளவு வைத்தது. தெளிவான, நல்ல வேலை. லங்காஸ்டர் நிலையத்துக்கும் நூறாண்டு வெள்ளத்துக்கு எதிராகச் சுவர் எழுந்தது. 2015 டிசம்பர் 5 அன்று டெஸ்மண்ட் புயலில் தண்ணீர் அந்தச் சுவரையும் தாண்டியது. 61,000 வீடுகள், கட்டடங்களுக்கு மின்சாரம் இல்லை.

நூறாண்டு வெள்ளம் என்பதன் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஓராண்டில் 1 சதவீத வாய்ப்பு. நிலையம் 40 ஆண்டு நின்றால், அதற்குள் ஒருமுறையாவது அந்த மட்டம் தாண்டப்படும் வாய்ப்பு 33 சதவீதம். காலநிலை மாறி அதே மட்டம் 30 ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டால் அது 74 சதவீதமாகிறது. சுவரின் உயரம் மாறவில்லை, சட்டமும் மீறப்படவில்லை, பாதுகாப்பு மட்டும் கரைந்துபோயிருக்கிறது. டெக்சாஸ் குளிர்காப்பு விதியிலும் இதே பலவீனம் இருக்கிறது. அது கேட்கும் குளிரின் அளவு, எர்காட் தயாரிக்கும் கடந்த கால வானிலை ஆய்விலிருந்து எடுக்கப்படுகிறது.

ஆகவே தரம் கீழ்த்தளமாக இருக்கட்டும், உச்சவரம்பாக வேண்டாம். தரத்தை எட்டிவிட்டோம் என்ற ஒரே வாதத்தால் நிறுவனம் பொறுப்பிலிருந்து விலக முடியக் கூடாது.

விளைவுக்குத் தண்டனையும் ஊக்கமும்

கேட்க அழகான யோசனை: என்ன செய்வாயோ தெரியாது, மின்தடையைக் குறை. சாதாரண நாட்களின் நம்பகத்தன்மைக்கு இது வேலை செய்கிறது. காலநிலைக்கு வேலை செய்யாது. காரணம் கணக்கிடும் முறையில் ஒளிந்திருக்கிறது. மின் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐஇஇஇயின் 1366 தரப்படி, கடந்த ஐந்து ஆண்டுகளின் தினசரி மின்தடை நிமிடங்களின் மடக்கைகளுக்குச் சராசரியும் திட்டவிலக்கமும் கண்டு, சராசரிக்கு மேல் 2.5 மடங்கு விலக்கத்தைத் தாண்டும் நாட்களைப் பெருநிகழ்வு நாட்கள் என்று தனியாகப் பிரிக்கிறார்கள். மதிப்பெண் போடும்போது அந்த நாட்கள் வெளியே போய்விடுகின்றன. எந்தப் புயலுக்காகத் தயாராக வேண்டுமோ அந்தப் புயல்தான் தேர்வுத்தாளிலிருந்து கிழித்தெடுக்கப்படுகிறது. புயல்கள் பெருகினால் ஐந்தாண்டுச் சராசரியும் உயர்ந்து, முன்பு பெருநிகழ்வாக இருந்தது நாளை சாதாரண நாளாகிவிடும் சிக்கலும் உண்டு.

இந்த வழியைப் பயன்படுத்துவதானால், பெருநிகழ்வு நாட்களுக்குத் தனி அளவுகோல் வேண்டும். எத்தனை மணிநேரத்தில் 90 சதவீதம் பேருக்கு மின்சாரம் திரும்பியது, மருத்துவமனை, குடிநீர் நிலையம் உள்ள பீடர்கள் (துணைமின் நிலையத்திலிருந்து பிரிந்து செல்லும் மின்பாதைகள்) எப்போது உயிர்பெற்றன, ஒரே காரணத்தால் இரண்டாவது முறை கெட்ட கருவிகள் எத்தனை. கடைசியாகச் சொன்ன எண்ணை மறைப்பது கடினம். அதனால் அதையே முதலில் கேட்க வேண்டும்.

எங்கள் தேர்வு

சட்டத்தை அடித்தளமாக வைப்பதே சரி என்று நினைக்கிறோம். கெடு, புதுப்பிப்பு, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கடமை ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் உறுதியாகத் தருவது சட்டம் மட்டுமே. எந்தக் கணிப்பு, எந்த முறை என்பதைச் சட்டத்தில் எழுதாமல் ஆணையத்துக்கு விட வேண்டும். ஏனென்றால் அறிவியல் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்காது. வெள்ள உயரம் போன்ற தெளிவான ஆபத்துகளுக்குக் கீழ்த்தளத் தரம் வேண்டும். விளைவு அளவுகோல் கடைசியில், சரிபார்ப்புக்காக.

சட்டத்தின் வாசகத்தில் நான்கு வரிகள் இல்லையென்றால் இந்தத் தேர்வு வெறும் பெயருக்குத்தான் நிற்கும்.

கருவி வாரியான ஆய்வு கட்டாயம் என்று இருக்க வேண்டும். எங்கள் வலையமைப்பு மிதமான ஆபத்தில் உள்ளது என்ற வாக்கியத்தை வைத்து எந்த நிலையத்தையும் உயர்த்த முடியாது. ஒவ்வொரு துணைமின் நிலையத்துக்கும் ஒவ்வொரு பெரிய டிரான்ஸ்பார்மருக்கும் தனி வரி வேண்டும்.

வடிவமைப்புத் தரங்களில் எவை மாறின, எவை மாறவில்லை, ஏன் என்று திட்டம் சொல்ல வேண்டும். பழைய நிலையங்களைக் காப்பாற்றும் பட்டியலோடு நிறுத்திவிட்டு, புதிய நிலையங்களைப் பழைய எண்களிலேயே தொடர்ந்து கட்டுவது இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் தவறு. புதிதாகக் கட்டும்போது மேடையை மூன்று அடி உயர்த்துவது சின்னச் செலவு. ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தை உயர்த்துவது என்றால் சுமையை வேறு நிலையங்களுக்கு மாற்றி, பகுதி பகுதியாக நிறுத்திச் செய்ய வேண்டிய பெரிய வேலை.

ஒவ்வொரு பெரிய மூலதன வேலைக்கும் பக்கத்தில் ஒரு பராமரிப்பு மாற்று காட்டப்பட வேண்டும்: இந்த 12 கிலோமீட்டர் கேபிளுக்குப் பதில் கிளை வெட்டும் சுழற்சியை இவ்வளவு சுருக்கி, இத்தனை தானியங்கிச் சுவிட்ச் வைத்தால் மின்தடை எவ்வளவு குறையும், என்ன செலவு. மாற்றைக் காட்டாத வேலைக்குத் தனி வசூல் கிடையாது என்று எழுதிவிட்டால், மூலதனச் சாய்வு ஓரளவு நிமிரும்.

நான்காவது, புயலுக்குப் பிந்தைய தணிக்கை. பலப்படுத்திய பீடரும் பலப்படுத்தாத பீடரும் அதே காற்றில் எப்படி நின்றன என்று 90 நாளுக்குள் ஒப்பிட்டுத் தர வேண்டும். அடுத்த புதுப்பிப்புக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

லாபநட்டக் கணக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் மின்தடையின் பொருளாதார இழப்பைக் கணிக்க லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் கணிப்பான் பரவலாகப் பயன்படுகிறது. அது ஒரு நாளுக்குள் முடியும் தடைகளுக்காகச் செய்யப்பட்டது. நான்கு நாள், பத்து நாள் இருட்டுக்கு அதே மணிநேர மதிப்பைப் பெருக்கிப் போட்டால் விடை தவறாகும். குளிர்சாதனம் இல்லாமல் மூன்றாம் மாடியில் தவிக்கும் முதியவருக்கு நான்காம் நாளின் ஒரு மணிநேரமும் முதல் நாளின் ஒரு மணிநேரமும் ஒன்றல்ல. திட்டம் பணத்துக்குக் கட்டுப்படியாகாது என்று நிறுவனம் சொன்னால், எத்தனை மணிநேரத் தடையை வைத்துக் கணக்கிட்டது என்று கேட்க வேண்டும்.

சட்டத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும் என்ற நிலையில் இருப்பவர்கள் அடுத்த கட்டண மனுவையே பிடிக்கலாம். நியூயார்க்கைப் போல ஆய்வு, திட்டம் எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டு ஆறு ஆண்டு காத்திருப்பதைவிட, ஒரு சிறிய தகவலை முதலில் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். ஒவ்வொரு துணைமின் நிலையத்துக்கும் நான்கு எண்கள்: தரைமட்ட உயரம், மிகத் தாழ்ந்த கண்ட்ரோல் பெட்டியின் அல்லது பேட்டரியின் அடிமட்ட உயரம், தற்போதைய நூறாண்டு வெள்ள மட்டம், 2050க்கான கணிப்பில் அதே மட்டம். எல்லா உயரங்களும் ஒரே அடிப்படைக் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய வரைபடம் ஓர் அடிப்படையிலும் புதிய வெள்ள வரைபடம் வேறோர் அடிப்படையிலும் இருந்து, ஓர் அடிப் பிழை யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைந்துவிடுவதுண்டு. இரண்டாவது எண் மூன்றாவதைவிடக் குறைவாக உள்ள நிலையங்களை உடனடிப் பட்டியலில் சேர்க்கலாம். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் விழுபவற்றை, அடுத்து எந்தக் கருவி மாற்றத்துக்காகத் திறக்கிறார்களோ அப்போதே உயர்த்தும் பட்டியலில் வைக்கலாம். முதல் மூன்று எண்களும் நிறுவனத்தின் வரைபட அறையிலும் பொது வெள்ள வரைபடத்திலும் ஏற்கெனவே இருப்பவை. அதனால் முதல் விசாரணைக்கு முன்பே எழுத்துமூலமான கேள்வியாக அனுப்பி வாங்கிவிடலாம்.